கால் டொக்டரின் மிச்ச முக்கால்

மச்சாள், போன கிழமை விமானத்தில் என் முன்னால் சாப்பாட்டுத் தட்டை வைத்தார்கள். பசிதான், ஆனால் உடனே சாப்பிடவில்லை. முதலில் கரண்டிப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு வெண்ணெய் சரியான பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். வெள்ளித்தாள் மூடியின் மூலைகள் ஒழுங்காக மடிந்திருக்கின்றனவா என்று விரலால் தடவினேன். பக்கத்தில் இருந்தவர் நான் ஏதோ மந்திரம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். மூடியைத் திறந்ததும் அவிந்த கரட்டும் சூடேறிய வெள்ளித்தாளும் சேர்ந்த அந்த மணம் குப்பென்று எழும்பியது. ஒரே நொடியில் நான் ஹவுன்ஸ்லோவில், தலையில் வெள்ளைத் தொப்பியோடு, உங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

விமான நிலையத்துக்கு அருகே இருந்த அந்தச் சமையல் கூடத்தில் நாங்கள் இருவரும் தட்டு வரிசையில் வேலை செய்தோம். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். வெறும் தட்டு வரும். நீங்கள் கரண்டிப் பொட்டலத்தை வைப்பீர்கள், நான் பாணும் வெண்ணெயும் வைப்பேன், எனக்கு அடுத்தவர் இனிப்பை வைப்பார். வேலை முழுவதும் நின்ற நிலைதான். மற்றவர்களுக்கு அது வெறும் தட்டு. உங்களுக்கு அது யாரோ ஒரு பசித்த மனிதர். "ஒரு தட்டிலை கரண்டி இல்லாட்டி அந்த மனிசன் வானத்திலை எந்தக் கடைக்குப் போவான்?" என்று கேட்பீர்கள். அதை நான் ஆங்கிலத்தில் மேற்பார்வையாளருக்குச் சொல்ல, அவர் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். கீழே உங்கள் பெயரைப் போடவில்லை என்று நீங்கள் அவரோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீங்கள் என் கணவரின் அக்கா. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக லண்டனுக்கு வந்தோம். வாடகை அறைகளில் மாறி மாறி இருந்து அலுத்துப்போய், கடைசியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஹவுன்ஸ்லோவில் ஒரு வீடு வாங்கினோம். நாலு பேரின் சம்பளத்தையும் காட்டித்தான் வங்கியில் கடன் கிடைத்தது. மேல்மாடி உங்களுக்கும் உங்கள் கணவரான அண்ணைக்கும் பிள்ளைகளுக்கும், கீழ் முன்னறை எங்களுக்கு, குசினி எல்லோருக்கும். கூரைக்கு மேலே விமானம் போகும்போது பேச்சை அப்படியே நிறுத்துவோம். அது போனபின் விட்ட சொல்லிலிருந்து பிடித்துக்கொண்டு தொடருவோம். குட்மேய்ஸிலிருந்து விருந்துக்கு வரும் சொந்தக்காரர்கள் எங்கள் எல்லோருக்கும் ஒரே நோய் பிடித்துவிட்டதென்று பயப்படுவார்கள்.

நான் ஊரில் உயிரியல் படித்தவள். மருத்துவத்துக்குச் சொற்பப் புள்ளிகளால் இடம் தவறியது. அந்தத் தவறிய புள்ளிகளையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன் போல. பாணை வைக்கும்போதும் நினைப்பு அங்கேயே போகும். ஒரு நாள் நூலகத்தில் ஆஸ்பத்திரிப் படிப்புகள் பற்றிய கையேடு ஒன்று கண்ணில் பட்டது. டொக்டருக்கும் நேர்சுக்கும் இடையில் இத்தனை தொழில்கள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே எடுப்பவர், உடற்பயிற்சி கொடுப்பவர், பேச்சுப் பழக்குபவர் என்று அடுக்கியிருந்தார்கள். ஒன்றுக்கு என் புள்ளிகள் காணாது, மற்றதற்கு அந்த வருட இடங்கள் முடிந்துவிட்டன. மிஞ்சியது கைரோப்பொடி. மூன்று வருடம் படித்தால் டிப்ளோமா. அது என்னவென்று தெரியாமல் அகராதியைப் புரட்டினேன். கால் வைத்தியம் என்று இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். அண்ணையும் உங்கள் தம்பியும் மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"கால் டொக்டருக்குப் படிக்கலாமெண்டு யோசிக்கிறன்."

நீங்கள் கத்தியை நிறுத்தினீர்கள். "கால் டொக்டரோ? அப்ப மிச்ச முக்கால் எங்கை?"

அண்ணைக்குத் தேத்தண்ணி புரைக்கேறி, உங்கள் தம்பி எழும்பி அவரின் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது. மருத்துவம் தவறியவளுக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் சரியாகவே பட்டது.

"பகிடியை விடுங்கோ அக்கா," என்றார் உங்கள் தம்பி. "அம்மாவுக்கு என்னெண்டு எழுதுறது? மருமகள் லண்டனிலை ஆக்களின்ரை காலைப் பிடிக்கிறாள் எண்டோ?"

அவருக்குக் கோபமில்லை, கூச்சம்தான். அவர் சொன்ன மற்ற விஷயம்தான் பெரிது. நான் வேலையை விட்டால் நாலு சம்பளம் மூன்றாகும். கவுன்சில் தரும் கிராண்ட் என்ற உதவிப்பணம் படிப்புக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும். கைக்கு வருவது பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் கரைந்துவிடும். கடன் வட்டியோ ஏறிக்கொண்டே போன காலம் அது. வங்கியிலிருந்து கடிதம் வந்தால் யார் திறப்பது என்று ஒருவரை ஒருவர் பார்ப்போம். இதில் இன்னொரு கொடுமை, ஓவர்டைமும் சேர்த்துத் தட்டு வரிசையில் எனக்குக் கிடைத்த சம்பளம், மூன்று வருடம் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேரும் கால் வைத்தியருக்குக் கிடைப்பதைவிடப் பெரிதாகக் குறைவில்லை. "அப்ப எதுக்குப் படிக்கிறது?" என்று உங்கள் தம்பி கேட்டார். வீடு கைவிட்டுப் போனால் தெருவில் நிற்கப்போவது நான் மட்டும் இல்லை, நீங்களும் அண்ணையும் பிள்ளைகளும்தான். ஆகவே உங்கள் சம்மதம் இல்லாமல் நான் விண்ணப்பிக்கவே முடியாது.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கத்தரிக்காயைப் பார்த்தபடி, "யோசிப்பம்," என்றீர்கள்.

எனக்கு மனம் விழுந்துவிட்டது. உங்கள் "யோசிப்பம்" என்ன என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புதுச் சோபாவுக்கும் யோசிப்பம் என்றுதான் சொன்னீர்கள், கலர் டிவிக்கும் யோசிப்பம் என்றுதான் சொன்னீர்கள். அந்தச் சொல்லுக்குள் போன ஒன்றும் வெளியே வந்ததில்லை.

அதன்பிறகுதான் உங்கள் நடமாட்டத்தில் ஒரு மர்மம் தொடங்கியது. லீவு நாளில் வழக்கமாக மத்தியானம் வரைக்கும் கட்டிலை விட்டு எழும்பாதவர், நல்ல சேலை உடுத்திக்கொண்டு காலையிலேயே வெளிக்கிட்டீர்கள். எங்கே என்று கேட்டால், "சும்மா கடைத்தெருவுக்கு," என்றீர்கள். திரும்பி வரும்போது கையில் ஒரு சாமானும் இல்லை. அடுத்த லீவு நாளும் அப்படியே. அண்ணை என்னிடம் ரகசியமாக வந்து, "பிள்ளை, இவளுக்கு ஏதும் வருத்தமோ? எங்களுக்கு மறைச்சு டொக்டரிட்டைப் போறாளோ?" என்று கேட்டார். நானும் பயந்தேன். பாவம் அந்த மனிதர், அன்றைக்கு உங்களுக்காக ஆட்டெலும்பு சூப் வைத்தார்.

அந்தச் சூப்பைக் குடித்தபடிதான் நீங்கள் உண்மையை உடைத்தீர்கள்.

"கடைத்தெருவிலை ஒரு கால் டொக்டர் மனிசி இருக்கிறா. ரெண்டு தரம் போய்ப் பாத்தனான்."

"உங்களுக்குக் காலிலை என்ன?" என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"எனக்கு ஒண்டுமில்லை. காசு குடுத்து ஒரு தொழிலுக்குள்ளை இறங்க முன்னம், அந்தத் தொழிலுக்குக் காசு குடுக்கிற ஆக்கள் இருக்கினமோ எண்டு பாக்கவேண்டாமோ?"

முதல் தடவை நீங்கள் நேரத்துக்கு முன்னரே போய், காத்திருக்கும் அறையில் இருந்து, உள்ளே வந்த கிழவிகள் எல்லோரையும் விசாரித்திருக்கிறீர்கள். எவ்வளவு காலமாக வருகிறீர்கள், எத்தனை கிழமைக்கு ஒரு தரம், வராமல் விட்டால் என்ன ஆகும், ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்வார்களாமே, அங்கே எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். உங்கள் ஆங்கிலம் எனக்குத் தெரியும். அந்த ஆங்கிலத்தில் இத்தனையையும் கேட்டு முடித்தீர்கள் என்பதுதான் அதிசயம். உங்கள் முறை வந்து உள்ளே போய்க் காலை நீட்டினால், அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாராம். இப்படி ஒரு குறையில்லாத பாதத்தைக் கண்டு வெகுகாலம் என்றாராம். செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த கால் அல்லவா. தனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை என்று சொல்லி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாராம்.

"ஒண்டும் செய்யேல்லை, ஆனால் காசு வாங்கினவ," என்றீர்கள் நீங்கள். "டொக்டர்மாரும் அப்பிடித்தானே? அப்ப இது முழு டொக்டர்தான்."

இரண்டாம் தடவை போனதுதான் உச்சம். நேரே போய், "மேடம், யூ ஹவ் மச் ஏர்னிங்?" என்று கேட்டுவிட்டீர்கள். ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற கேள்வி. இந்த நாட்டில் கூடப்பிறந்தவரிடமும் கேட்காத கேள்வி. அந்தப் பெண்மணியின் முகம் சிவந்துபோனதாம். பிறகு, தன் வாழ்க்கையில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை என்று சிரித்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாராம். ஆஸ்பத்திரிச் சம்பளம் தொடக்கத்தில் பெரிதில்லை, ஆனால் வருடா வருடம் ஏறும், சம்பளத்தோடு லீவும் சுகவீன லீவும் உண்டு. நாலைந்து வருட அனுபவத்துக்குப் பிறகு கிழமையில் பாதி நாள் ஆஸ்பத்திரியும் பாதி நாள் சொந்த அறையும் என்று பிரித்துக்கொண்டால் நல்ல வருமானம். ஒரு கதிரை, ஒரு விளக்கு, கொஞ்சம் கருவிகள். பெரிய முதல் தேவையில்லை.

"பென்சன் இருக்கோ எண்டும் கேட்டனான்," என்றீர்கள் மெதுவாக.

"இருக்கோ?" என்று அண்ணை கேட்டார்.

"இருக்காம்."

உங்கள் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்து மனிதர்களிடம் பென்சன் என்ற சொல் என்ன செய்யும் என்று தெரிந்துதான் அதைக் கடைசியாக எடுத்து வைத்தீர்கள். ஆனாலும் அவர் விடவில்லை. "அதெல்லாம் பிறகு வாற காசு. இப்ப மூண்டு வரியம் என்ன செய்யிறது?"

"பத்து வரியத்துக்குப் பிறகு அந்த பெல்ட் இதைவிடக் கெதியா ஓடும்," என்றீர்கள். "இவளின்ரை கால் இதைவிடக் கெதியா ஓடாது. அதையும் கணக்கிலை சேத்துப் பாரும்." பிறகு என்னைப் பார்த்து, "முதல் எழுதிப் போடும். இடம் தாறானோ எண்டு பாப்பம். இல்லாத மாட்டுக்கு ஏன் இப்பவே கயிறு?" என்றீர்கள்.

எழுதிப் போட்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கால் வைத்தியத்துக்குப் போகிறவள் பிய்ந்த சப்பாத்தோடு போகக் கூடாதென்று, உங்கள் கறுப்புத் தோல் சப்பாத்தை எடுத்துத் தந்தீர்கள். கல்யாணங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கிற சப்பாத்து. எனக்கு ஒரு சுற்றுப் பெரிது. முன்பக்கத்தில் பஞ்சை அடைத்து, "காலை இழுத்து நடவாதையும், ஊண்டி நடவும்," என்று வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் ஹவுன்ஸ்லோ தொடங்கி ஹரோ வரைக்கும் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லிவிட்டீர்கள். என்றாலும் ஒரு தடவை நானே சொல்கிறேன். ஒடுக்கமான ஒரு மேசை. எதிரே நரைத்த தாடியோடு ஒரு பேராசிரியர், பக்கத்தில் ஒரு பெண் விரிவுரையாளர். ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். நான் பதற்றத்தில் கதிரையை முன்னால் இழுத்தேன். உங்கள் சப்பாத்து என் காலை விட்டு ஒரு அங்குலம் முன்னே போய், மேசைக்குக் கீழே பேராசிரியரின் காலில் டொக்கென்று இடித்தது.

நான் யோசிக்கவே இல்லை, மச்சாள். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். காலால் ஒருவரை இடித்தால் என்ன செய்வோமோ அதைக் கை தானாகவே செய்தது. மேசைக்குக் கீழே குனிந்து, அவர் பாதத்தைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். இரண்டு பேரும் ஆடாமல் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். காது சுட்டது.

"மன்னிக்க வேண்டும். எங்கள் ஊரில், கால் பட்டால் இப்படித்தான் மன்னிப்புக் கேட்போம்," என்றேன்.

"கால் உங்களுக்கு அவ்வளவு இழிவானதா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"என் கால் மற்றவர் மேல் பட்டால் தப்பு. ஆனால் மதிப்புக்குரியவர்களின் காலை நாங்கள் தொட்டுக் கும்பிடுவோம்," என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே அது ஒரு புதினமாகப் பட்டது. வீட்டில் இத்தனை நாள் காலைப் பிடிக்கிற வேலை என்று கூசினோமே, இப்படி யோசித்துப் பார்க்கவில்லையே என்று.

பேராசிரியர் சிரிக்கத் தொடங்கினார். புதிதாக வருகிற மாணவர்கள் முதல் தவணை முழுவதும் அந்நியரின் பாதத்தைத் தொட அருவருத்து நிற்பார்கள் என்றார். "நீங்கள் அனுமதி கிடைப்பதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டீர்கள்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். நீங்கள் மாடிப்படியில் இருந்துவிட்டீர்கள். எழும்ப ஏலாமல் சிரித்தீர்கள். கண்ணால் தண்ணீர் ஓடியது. "எல்லாரும் படிச்சு இடம் எடுக்கினம், எங்கடை ஆள் காலைப் பிடிச்சு இடம் எடுக்கப் போறா!" விமானம் ஒன்று போனது. அது போகும் வரைக்கும் காத்திருந்து மறுபடியும் அதே சிரிப்பைச் சிரித்தீர்கள்.

இடம் கிடைத்தது. கடிதம் வந்த அதே கிழமையில் வங்கியிலிருந்தும் வட்டி கூட்டிக் கடிதம் வந்தது. நான் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, கல்லூரிக்கு வரமாட்டேன் என்று எழுதிவிடலாம் என்று தீர்மானித்திருந்தேன். உண்மையாகவே தீர்மானித்திருந்தேன். ஒருவர் படிக்க நாலு பெரியவர்களும் பிள்ளைகளும் வீட்டை இழப்பது என்ன நியாயம்? நீங்கள் இரண்டு கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"இஞ்சை பாரும்," என்றீர்கள். "உம்மடை பங்கை..."

விமானம் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகப் பறந்த விமானம் வேறில்லை. நீங்கள் வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் தம்பி உங்களைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். என் பங்கை எப்படியாவது கட்டு என்பீர்களா, என் பங்கை விற்றுவிடு என்பீர்களா?

"...நான் பாக்கிறன். நீர் போம்," என்று முடித்தீர்கள்.

அவ்வளவுதான். கத்தரிக்காயையோ வெங்காயத்தையோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள். எப்படி என்று உங்கள் தம்பி கேட்டதற்கு, சனி ஞாயிறில் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், ஒன்றரை மடங்கு சம்பளம், வீட்டில் சும்மா இருந்தால் அலுப்பு என்று மூன்று காரணம் சொன்னீர்கள். முதல் இரண்டும் பொய் இல்லை. ஆனால் நீங்கள் சோம்பல் முறித்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் படுப்பதை எவ்வளவு விரும்புவீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த மூன்று வருடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. குசினி மேசையில் பிளாஸ்டிக்கால் செய்த காலெலும்புக் கூடு ஒன்று எப்போதும் கிடக்கும். நீங்கள் அதைத் தூசி தட்டும்போது எலும்புகளின் பெயர்களை என்னிடம் கேட்டுக் கேட்டு உங்கள் வசதிக்கு மாற்றிக்கொண்டீர்கள். குதிக்கால் எலும்பு கல்கேனியஸ் உங்கள் வாயில் கல்கண்டு ஆனது. நடுப்பாதத்தில் உள்ள நவிக்குலர், யாழ்ப்பாணத்தில் பாலத்தடியில் இருக்கும் நாவற்குழி ஆனது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, "இண்டைக்கு நாவற்குழிப் பக்கம் சரியான நோ," என்பீர்கள். அண்ணை உடனே, "பாலத்துக்கு இங்காலையோ அங்காலையோ?" என்று கேட்பார். வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் அந்த எலும்பைத் தொட்டுக் காட்டியபோது, எனக்கு நாவற்குழி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு சரியான பெயரைச் சொன்னேன்.

டிப்ளோமா கையில் கிடைத்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வேலையால் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல் ஆள் நான்தான்," என்று காலை நீட்டினீர்கள். நான் சிரித்துக்கொண்டே என் புதுக் கருவிகளை விரித்தேன். உங்கள் காலுறையைக் கழற்றினேன். அந்தக் கடைத்தெருப் பெண்மணி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து வியந்த பாதம், மச்சாள், அது அங்கே இல்லை. முன்பாதத்தில் தடித்த தோல். சின்ன விரலில் ஆழமாக இறங்கிய ஆணி. குதிக்காலைச் சுற்றி வெடிப்பு. நான் மூன்று வருடமாகப் புத்தகத்தில் படித்தது எல்லாம் உங்கள் காலில் இருந்தது. சீமெந்துத் தரையில், சமையல் கூடத்தில் தந்த கடினமான சப்பாத்தில், சனியும் ஞாயிறும் சேர்த்து நின்ற கால்கள். படிப்புக்கு என்ன செலவு என்று எத்தனை தடவை மேசையில் இருந்து கணக்குப் பார்த்தோம். இந்தச் செலவை நாங்கள் ஒருவரும் எழுதவில்லை.

நான் குனிந்துகொண்டேன். முகத்தைக் காட்ட ஏலவில்லை.

"என்ன, மருந்து கண்ணிலை பட்டிட்டுதோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம்."

"மருந்துப் போத்தில் இன்னும் திறக்கேல்லையே."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். நீங்கள் என் தலையில் கையை வைத்து, "வடிவாச் செய்யும். இது படிப்பிச்ச கால்," என்றீர்கள். பிறகு உங்களுக்கே கூச்சமாகிப்போய், "காசு தரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்," என்றும் சேர்த்துக்கொண்டீர்கள். அந்த ஆணியை எடுக்க எனக்குப் பல ஞாயிறுகள் சென்றன. ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் கதை சொல்ல, நான் உங்கள் காலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். என் தொழிலில் அதைவிடச் சந்தோஷமான நேரம் எனக்கு வாய்த்ததில்லை.

வருமானம் நீங்கள் விசாரித்து வந்து சொன்ன மாதிரியே வந்தது. ஆஸ்பத்திரியில் தொடங்கி, தொண்ணூறுகளின் நடுவில் கிழமையைப் பாதியாகப் பிரித்து, எங்கள் முன்னறையையே சொந்தக் கிளினிக் ஆக்கினோம். நீங்கள் வார இறுதி வேலையை விட்டீர்கள். நான் கெஞ்சவில்லை, உத்தரவு போட்டேன். விட்டவர் சும்மா இருந்தீர்களா? முன்னறை வாசலில் கதிரை போட்டு வரவேற்பாளர் ஆனீர்கள். சலரோகம் என்கிற நீரிழிவு வந்த எங்கள் பெரியவர்கள் வருவார்கள். வந்தபின் காலை இழுத்து ஒளித்துக்கொள்வார்கள். "பிள்ளை, பொம்பிளைப் பிள்ளை நீ என்ரை காலைத் தொடக்கூடாது, எனக்குப் பாவம்," என்பார்கள். நீங்கள் வெளியில் இருந்தே குரல் கொடுப்பீர்கள்: "நீட்டுங்கோ அண்ணை! அவ அதுக்கு டிப்ளோமா எடுத்தவ, உங்களுக்கு ஒரு பாவமும் வராது!" புண் முற்றிக் கால் போகவிருந்த ஒருவர் உங்கள் குரலுக்குப் பயந்து நீட்டி, அந்தக் காலோடு மகளின் கல்யாணத்தில் நின்றார். நமக்குப் பந்தியில் முதல் வரிசை.

வீட்டுக் கடன் முடிந்த நாளில் நீங்கள் செய்த முதல் வேலை புதுச் சோபா வாங்கியது. யோசித்து முடித்துவிட்டேன் என்றீர்கள்.

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. நல்ல வயதில், எல்லோரையும் அதட்டி முடித்துவிட்டுத்தான் போனீர்கள். துக்கம் எனக்கு இருக்கிறது. ஆனால் உங்களை நினைத்தால் அழுகையைவிடச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய? எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும், மச்சாள். இருக்கும்போது அதை நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விசர்க்கதை கதையாதையும் என்றிருப்பீர்கள்.

இப்போது நான் வேலையைக் குறைத்துக்கொண்டேன். ஆனால் தொலைபேசி குறையவில்லை. மகளை, மருமகளை இந்த மாதிரிப் படிப்புக்கு விடலாமோ என்று எங்கள் ஆட்கள் கேட்டுப் போன் எடுப்பார்கள். செலவென்ன, வருமானமென்ன, எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும். நான் உள்ளதைச் சொல்வேன். அந்தக் காலத்துக் கிராண்ட் இப்போது இல்லை, கடன்தான். தொடக்கச் சம்பளம் வாயைப் பிளக்க வைக்காது, ஆனால் வேலை இல்லை என்ற கவலை வராது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பேன். அவள் படிக்கிற காலத்தில் அவளின் இடத்தில் வீட்டில் யார் நிற்பது? பல பேருக்கு அந்தக் கேள்வி விளங்குவதில்லை. சிலர் யோசிப்பம் என்பார்கள். நான் வற்புறுத்துவதில்லை.

முந்தநாள் ஹரோவிலிருந்து ஒரு பெண் எடுத்தாள். கடையில் வேலை, கைக்குழந்தை, எக்ஸ்ரே படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம், கணவர் வேண்டாம் என்கிறாராம். நான் வழக்கம் போல எல்லாம் சொல்லிவிட்டு, "அப்ப வீட்டிலை உங்களுக்குப் பதிலா ஆர் நிப்பினம்?" என்று கேட்டேன். அவளுக்குப் பின்னால், குழந்தை அழுகிற சத்தத்துக்கு மேலாக, இன்னொரு பெண் குரல், "நான் நிக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லும்!" என்று கத்தியது.

அது யாரென்று நான் கேட்கவில்லை. "அப்ப ஏன் இன்னும் என்னோடை கதைச்சுக்கொண்டு இருக்கிறீர்? போம், போய்ச் சேரும்," என்று சொல்லிப் போனை வைத்தேன்.